நிழலைக் கொஞ்சம் ஏத்துங்க, மாப்பிள்ளை

மாமியாரின் முகத்தைக் காணவில்லை.

கழுத்துவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மடியில் வைத்த கைகள், கையில் மகள்கள் வாங்கிக் கொடுத்த புதுக் கடிகாரம், அது காட்டும் பதினொன்று இருபது, எல்லாம் தெளிவு. கழுத்துக்கு மேலே போனால் கும்மிருட்டு. அதற்குள் மூக்குக்கண்ணாடி மட்டும் மினுக் மினுக்கென்று இருந்தது.

சின்ன மாப்பிள்ளை லேப்டாப்பை இப்படிச் சாய்த்துப் பார்த்தார். அப்படிச் சாய்த்துப் பார்த்தார். எப்படிச் சாய்த்தாலும் அறுபதாவது பிறந்தநாள் கொண்டாடிய அம்மாள் தலையில்லாமல்தான் உட்கார்ந்திருந்தார்.

"மூணாவது தடவையா அம்மா போன் பண்ணிட்டாங்க," என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "அவங்க பொறந்தநாள் போட்டோவுல அவங்க மூஞ்சியே இல்லையாம். பேய்ப்படம் மாதிரி இருக்காம்."

"உங்க அம்மாதான் வெயிலுக்கு வர மாட்டேன்னாங்க. ரெண்டு படி இறங்கி வாங்க அத்தைன்னு எத்தனை தடவை சொன்னேன்? 'நான் இங்கயே உக்காந்துக்கறேன், நீங்கல்லாம் படியில நில்லுங்க'ன்னு வாசக்கதவுகிட்டயே நாற்காலியைப் போட்டுட்டாங்க. மேல சன்ஷேட் நிழல். பின்னால இருட்டு ஹால். கேமரா என்ன பண்ணும்?"

"கேமரா ஒண்ணும் பண்ண வேணாம். நீங்கதான் கோர்ஸ் படிச்சீங்களே, நீங்க பண்ணுங்க."

அந்தக் கோர்ஸ்தான் வினையாகப் போயிற்று. டயர் கம்பெனியில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, நாள் முழுவதும் "கவனிக்கிறோம் சார், கண்டிப்பா கவனிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் மனிதர், ஒரு சனி ஞாயிறில் ஆன்லைனில் போட்டோ திருத்தும் வகுப்பு ஒன்றைப் படித்துத் தொலைத்தார். அதையும் குடும்பக் குரூப்பில் வேறு பெருமையாகப் போட்டார். அன்றிலிருந்து வீட்டில் யார் கண்ணை மூடினாலும், யார் வாயைத் திறந்தாலும், போட்டோ அவரிடம்தான் வந்து விழுந்தது.

வகுப்பில் அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இரண்டு. ஷேடோஸ் என்று ஒரு கோடு இருக்கும். அதை வலப்பக்கம் இழுத்தால் இருட்டில் கிடப்பதெல்லாம் மெல்ல எழுந்து வரும். ஹைலைட்ஸ் என்று இன்னொரு கோடு. அதை இடப்பக்கம் இழுத்தால் வெயிலில் வெளுத்துப் போனதெல்லாம் திரும்பி வரும். "இருட்டையும் வெளிச்சத்தையும் கையில வெச்சிருக்கற மாதிரி" என்று சொன்னார் அந்த ஆசிரியர். கையில் வைத்திருப்பவன் படும் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சின்ன மாப்பிள்ளை ஷேடோஸை வலப்பக்கம் இழுத்தார்.

மாமியார் வந்தார். முதலில் தாடை, பிறகு மூக்கு, பிறகு கண். பல்லைக் கடித்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நான் ரெண்டு நிமிஷம் லேட் பண்ணினதுக்கு என்ன கோவம் பாரு' என்று நினைத்துக்கொண்டார் மாப்பிள்ளை. இருந்தாலும் முகம் முகம்தான். தலையில்லாததற்கு இது எவ்வளவோ தேவலை. இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

மாமியாருக்குப் பின்னால், ஹாலுக்குள், ஒரு ஸ்டூல் வந்தது.

ஸ்டூலின் மேல் ஒரு கால் வந்தது.

சின்ன மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். கோட்டைக் கடைசிவரை இழுத்தார். ஸ்டூலின் மேல் ஒற்றைக் காலில், இன்னொரு காலைப் பின்னால் பறக்கவிட்டு, கையில் துணியோடு சீலிங் ஃபேனைத் துடைத்துக்கொண்டு நின்றவர், சாட்சாத் அவருடைய மாமனார்.

நாலு மாதமாக முட்டி வலியால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாத மாமனார்.

அந்த முட்டியை நம்பித்தான் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது. பெரிய மகள் ஒரு வாரம், சின்ன மகள் ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொண்டு வந்து, துணி துவைத்து, கடைக்குப் போய், அப்பாவுக்குக் கால் பிடித்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு பிசியோதெரபிக்காரர் வருவார். ஒத்தாசைக்கு மாமியாரும் கூடவே அறைக்குள் போவார். கதவு சாத்தப்படும். அரை மணி நேரத்துக்கு மாமனாரின் "ஐயோ! அம்மா!" தெருமுனைவரை கேட்கும். வெளியே மகள்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

"அம்மாவைப் பாருங்க," என்பாள் மனைவி. "அப்பாவையும் கவனிச்சுக்கிட்டு, வீட்டையும் தூசு தும்பில்லாம எப்படி வெச்சிருக்காங்க! ஒரு தலைவலின்னு படுத்திருப்பாங்களா இதுவரைக்கும்?"

மாமியாரும் அதை மறுத்ததில்லை. "எனக்கென்ன, நான் இரும்பு," என்பார்.

இதற்கு நடுவில்தான் மனைவிக்கு அலுவலகத்தில் அழைப்பு வந்திருந்தது. நில வரைபட அலுவலகம் அவளுடையது. நாற்பது பேரில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதப் பயிற்சிக்குத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த இரண்டில் அவள் ஒருத்தி. பதினைந்து வருடம் காத்திருந்தவள். 'அப்பாவின் உடல்நிலை காரணமாக இயலாது' என்று கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள். அடுத்த திங்கட்கிழமை கொடுக்க வேண்டியது.

அந்த அப்பாதான் இங்கே பறவை மாதிரி நிற்கிறார்.

சின்ன மாப்பிள்ளை லேப்டாப்போடு மொட்டை மாடிக்கு ஏறிப்போய், மாமனாருக்குப் போன் போட்டார்.

"மாமா, ஞாயித்துக்கிழமை நாங்க வெளிய போட்டோ எடுத்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"கட்டில்லதான் மாப்பிள்ளை. நான் வேற எங்க போவேன்?"

"ஸ்டூல் மேல நிக்கறீங்க மாமா."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"எவ்வளவு தெளிவாத் தெரியுது?"

"பனியன்ல இருக்கற ஓட்டை தெரியுது மாமா."

மாமனார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மறைச்சிடுங்க மாப்பிள்ளை," என்றார்.

"எதுக்கு மாமா இதெல்லாம்? உங்க பொண்ணு பயிற்சிக்கே போகலைங்கறா..."

"அதுக்கு நான் ஏதாவது வழி பண்றேன். நீங்க காரணம் கேக்காதீங்க. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆச்சு, நான் உங்ககிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா?"

உண்மைதான். கேட்டதில்லை. அந்த மனிதர், மாப்பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் வாசல்வரை வந்து செருப்பை ஓரமாக எடுத்து வைப்பவர். "கவனிக்கிறோம் மாமா," என்று சின்ன மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மறைப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்றுதான் அப்போது தோன்றியது. ஷேடோஸைப் பாதிக்குக் குறைத்தார். மாமனார் மறைந்தார். மாமியாரும் கழுத்துக்கு மேலே பாதி மறைந்தார். அதை ஈடுகட்ட மொத்தப் படத்தையும் ஒரு சுற்று வெளிச்சமாக்கி, குரூப்பில் போட்டார்.

மறு நிமிடமே மனைவியின் அக்கா கூப்பிட்டாள்.

"என்ன தம்பி, என்னைச் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கீங்க? என் டிரெஸ் என்ன கலர்னு தெரியுதா? எனக்குப் பக்கவாட்டுல கேட்டு, தெரு, எதுவுமே இல்ல. வெள்ளைப் பேப்பர்ல வெட்டி ஒட்டின மாதிரி நிக்கறேன்."

"வெயில் அண்ணி. சரிபண்ணிடறேன்."

"சனிக்கிழமை காலையில பிரிண்டுக்குக் குடுக்கணும். அம்மா வீட்டு ஹால்ல மாட்டறதுக்கு. ஜன்னல் அளவுக்குப் பெருசா சொல்லியிருக்கேன், ஞாபகம் இருக்கட்டும்."

சின்ன மாப்பிள்ளை காற்றில் ஒரு ஜன்னலைக் கையால் அளந்து பார்த்தார். அந்த அளவில் மாமனாரின் பனியன் ஓட்டை ஒரு வடிகட்டி அளவுக்கு வரும்.

மறுநாள் மதிய உணவு இடைவேளையில், புகார்ப் பிரிவின் மூலை மேஜையில் உட்கார்ந்து, ஹைலைட்ஸை இடப்பக்கம் இழுத்தார். அண்ணியின் உடைக்கு ஊதா நிறம் திரும்பி வந்தது. வெளுத்துக் கிடந்த கேட் வந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் தூண் வந்தது. தூணுக்குப் பின்னால், "ஆபீஸ்லேருந்து அவசர போன்" என்று போட்டோவுக்கு வராமல் நழுவிய பெரிய மாப்பிள்ளை வந்தார். காதில் போன் இல்லை. வாயில் சிகரெட் இருந்தது.

பெரிய மாப்பிள்ளை சிகரெட்டை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. குழந்தைகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து விட்டது.

சின்ன மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். இருட்டைத் தூக்கினால் மாமனார். வெளிச்சத்தை இறக்கினால் சகலை. குடும்பத்தில் ஒரு ஆளாவது சும்மா நின்று போட்டோவுக்குப் போஸ் கொடுத்திருக்கக் கூடாதா!

நியாயத்துக்குச் சகலைக்கும் ஒரு போன் போட்டார்.

"சகலை! உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்," என்றார் பெரிய மாப்பிள்ளை. "அன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான். அவளுக்குத் தெரிஞ்சா வீட்டுல என்னைச் சேக்க மாட்டா. சிகரெட்டை மட்டும் அழிச்சுடுங்க. நான் அங்க நின்னதாவே இருக்கட்டும், சும்மா காத்து வாங்கிட்டு நின்னேன்னு சொல்லிக்கறேன்."

சிகரெட்டை அழிப்பது சுலபம். விரலால் வட்டம் போட்டால் போதும், மென்பொருள் தானே அழித்து, அந்த இடத்தில் எது இருக்கவேண்டுமோ அதை வரைந்துகொள்ளும். அப்படித்தான் வகுப்பில் சொன்னார்கள். சின்ன மாப்பிள்ளை வட்டம் போட்டார். சிகரெட் போயிற்று. அந்தச் சுறுசுறுப்பில் மாமனாரையும் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டார். மாமனாரும் போனார். கால் ஒன்று மட்டும் போகவில்லை. அது ஹாலின் நடுவில், ஆள் இல்லாமல், அந்தரத்தில் தொங்கியது.

காலைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டார். மென்பொருள் யோசித்து, காலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெரிய பழுப்பு நிறப் பீரோவை வைத்தது.

பீரோ நன்றாகத்தான் இருந்தது. மணி இரண்டாகிவிட்டது. வரிசையில் மூன்று புகார்கள் காத்திருந்தன. 'பீரோதானே, யார் பார்க்கப் போகிறார்கள்' என்று குரூப்பில் போட்டுவிட்டுப் போனை மேஜை டிராயருக்குள் தள்ளிப் பூட்டினார்.

சாயங்காலம் டிராயரைத் திறந்தபோது பதினேழு அழைப்புகள் இருந்தன.

முதலில் மாமியார். "மாப்பிள்ளை, முகம் நல்லா வந்திருக்கு, சந்தோஷம். ஆனா நம்ம ஹால்ல பீரோ எப்ப வந்துச்சு?"

"அது... நிழல் அத்தை. நிழல் சில சமயம் பீரோ மாதிரி விழும்."

"கைப்பிடி எல்லாம் வெச்சா விழும்?"

அடுத்து அண்ணி. அவள் எடுத்த எடுப்பிலேயே அழுதுகொண்டிருந்தாள்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. அவரு அங்க நின்னு யாருக்கு முத்தம் குடுக்கறாரு?"

சின்ன மாப்பிள்ளை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிகரெட் இல்லை. ஆனால் சிகரெட்டைப் பிடித்திருந்த இரண்டு விரல்கள் உதட்டில் இருந்தன. உதடு குவிந்திருந்தது. கண்கள் பாதி மூடிச் சொக்கிப் போயிருந்தன. பெரிய மாப்பிள்ளை கேட்டுக்கு வெளியே, எதிர்வீட்டு மாடியைப் பார்த்து, உலகத்தையே மறந்து ஒரு முத்தத்தைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"அது முத்தம் இல்ல அண்ணி..."

"பின்ன என்ன?"

என்ன என்று சொன்னால் சத்தியம் போகும்; சொல்லாவிட்டால் சம்சாரம் போகும். "கொட்டாவி," என்றார் சின்ன மாப்பிள்ளை.

"ரெண்டு விரலை வெச்சுக்கிட்டா கொட்டாவி விடுவாங்க? பிரிண்டெல்லாம் அப்புறம், எனக்கு ஒரிஜினல் போட்டோ வேணும். நீங்க கை வைக்காதது. சனிக்கிழமை சாயந்திரம் அம்மா வீட்டுக்கு லேப்டாப்போட வாங்க. எல்லார் முன்னாடியும் பாத்துடலாம்."

ஒரிஜினலைக் காட்டினால் பாதகமில்லை. அதில் கேட்டும் இல்லை, மாமனாரும் இல்லை, இருட்டும் வெள்ளையும்தான் என்று சின்ன மாப்பிள்ளை தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானம், கிளம்புவதற்கு முன்னால் குளிக்கப் போனார். அதுதான் அவர் செய்த கடைசித் தப்பு. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, மனைவி லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அக்காவைச் சமாதானப்படுத்தலாமேன்னு நானே இழுத்துப் பாத்தேன்," என்றாள். குரல் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் அவரைப் பயமுறுத்தியது. "இந்தக் கோட்டை இப்படி இழுத்தா அத்தான் சிகரெட் பிடிக்கறாரு. அந்தக் கோட்டை அப்படி இழுத்தா எங்கப்பா ஃபேன் துடைக்கறாரு. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமை."

"ஆறு நாளா நான் அந்தக் கடிதத்தைக் கைப்பையில வெச்சுக்கிட்டு அழுதுட்டிருக்கேன். நீங்க பீரோ வரைஞ்சுட்டு இருந்தீங்க."

பீரோவைத் தான் வரையவில்லை, மென்பொருள்தான் வரைந்தது என்று சொல்லலாம்தான். சொல்லவில்லை. பஸ்ஸில் போகிற வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாமனார் வீட்டு ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே லேப்டாப் திறந்துவைக்கப்பட்டது. அறைக்கட்டிலில் படுத்திருந்த மாமனாரைப் பெரிய மாப்பிள்ளை கைத்தாங்கலாகக் கூட்டிவந்து சோபாவில் உட்காரவைத்தார். மாமியார் தன் நாற்காலியில் இருந்தார். மனைவி ஹைலைட்ஸை இழுத்தாள்.

"சிகரெட்டா!" என்றாள் அண்ணி.

"சிகரெட்தான்! சிகரெட்டேதான்!" என்று பெரிய மாப்பிள்ளை கிட்டத்தட்டக் குதித்தார். நாலு நாளாகச் சமையலறைத் தரையில் படுத்துக்கிடந்த மனிதர் அவர். "பாத்தியா? முத்தம் இல்ல! நான் யோக்கியன்!"

"சத்தியம் என்னாச்சு?"

யோக்கியர் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். அண்ணி அதற்குமேல் அவரைத் திட்டுவதற்குள், தங்கை அடுத்த கோட்டை இழுத்தாள். ஹாலின் இருட்டு மெல்ல விலகியது. ஸ்டூல் வந்தது, கால் வந்தது, பனியன் வந்தது.

பெரிய மாப்பிள்ளை தன் கைத்தாங்கலில் வந்த மாமனாரை ஒரு தடவையும், திரையில் பறக்கும் மாமனாரை ஒரு தடவையும் பார்த்தார்.

"அப்பா," என்றாள் அண்ணி. "நாலு மாசமா நான் ரெண்டு பஸ் மாறி வந்து உங்களுக்குக் கால் பிடிச்சு விட்டேன்."

மாமனார் சுவரைப் பார்த்தார்.

"நான் திங்கக்கிழமை பயிற்சி வேண்டாம்னு எழுதிக் குடுக்க இருந்தேன்பா," என்றாள் சின்னவள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

மாமனார் அவளைப் பார்த்தார். பிறகு மாமியாரைப் பார்த்தார். மாமியார் வாயைத் திறந்தார், "அவரைத் திட்டாதீங்கடி..." என்று ஆரம்பித்தவரை மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ சும்மா இரு. ஆமா, நடிச்சேன். இப்ப என்ன?"

"எதுக்குப்பா?"

"சும்மாதான். ரிட்டையர் ஆயிட்டேன், பொழுது போகல."

இப்படி ஒரு பதிலை யாரும் எதிர்பார்க்கவில்லை. சின்ன மாப்பிள்ளைக்கு மாமனாரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பத்திக்கொண்டும் வந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஒன்று கேட்டார் என்று ஊர்ப்பட்ட பொய் சொல்லி, இல்லாத பீரோவைக் கொண்டுவந்து நிறுத்தி, கடைசியில் இந்த மனிதருடைய பொழுதுபோக்குக்காகவா இவ்வளவும்! மனைவியிடம் இனி அவர் பேச்சு எடுபடுமா? ஆறு மாதம் என்ன, ஆறு வருடம் ஆகும்.

"பாத்தியாம்மா இவரை?" என்று அண்ணி மாமியார் பக்கம் திரும்பினாள். "நீ ஒண்டியா மாடா உழைக்கற. இவரு ஜம்முனு படுத்துக்கிட்டு வேடிக்கை பாத்திருக்காரு. நீ எப்படிம்மா இவரை நாலு மாசம் தாங்கினே?"

மாமியார் புதுக் கடிகாரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அப்போது மணி ஐந்து. வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. பிசியோதெரபிக்காரர் பெரிய கறுப்புப் பையோடு உள்ளே வந்தார். ஐம்பது வயது, கனத்த உடம்பு. எப்போதும் அவசரத்தில் இருப்பவர். ஹால் முழுக்க ஆட்களைப் பார்த்ததும் தயங்கி நின்றார்.

"வாங்க டாக்டர், வாங்க!" என்றாள் அண்ணி. "சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. உங்களுக்கும் இதுல பங்கு உண்டா? இந்த வீட்டு முட்டி வலி நாடகம் எல்லாம் வெட்டவெளிச்சமாயிடுச்சு. எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு!"

பிசியோதெரபிக்காரர் பையைத் தரையில் வைத்தார். நாலு மாதச் சுமையையும் சேர்த்து இறக்கி வைத்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மாமியாரைப் பார்த்துச் சொன்னார்:

"அப்பாடா, பொண்ணுங்ககிட்ட சொல்லிட்டீங்களாம்மா? இனிமே ஐயா உங்களுக்குப் பதிலா 'ஐயோ, அம்மா'ன்னு கத்த வேண்டாம்; கதவையும் சாத்த வேண்டாம், நீங்க இங்கயே ஹால்லயே காலை நீட்டுங்க, ரெண்டு முட்டியையும் பாத்துடலாம்."